புது ஊர் ரோட்டில் வண்டி ஓட்டும்போது...



1990-களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. இன்று நம்மில் பலர் பேங்குக்கும் கூட்டத்துக்கும் வண்டியில்தான் போகிறோம். பழகின ரோட்டில் பயமில்லை. தெரியாத ரோட்டில்தான் கவனம் வேண்டும்.

மலையே இல்லாத தஞ்சாவூரில் ஏது வளைவு என்று கேட்பீர்கள். நம் ரோடுகள் பலவும் ஆற்றங்கரை மேலேயே போகின்றன. காவிரியும் வெண்ணாறும் வளைகிற மாதிரி ரோடும் வளையும். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போனவர்களுக்கு இது தெரியும். கரையோடு நேராக வந்த ரோடு, பாலம் வந்ததும் சட்டென்று ஒடிந்து திரும்பும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல் பள்ளம்.

வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடணும். உள்ளே போன பிறகு பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 11 மீட்டர் போய்விடுகிறது. நம் கை பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகும். ஆகவே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். கரண்டு கம்பத்தை நம்பி ஓட்டாதீர்கள். கம்பம் வயலில் நேராகப் போகும், ரோடு திரும்பிவிடும்!

திரும்பும்போது பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும். ரோடு போகிற திசையைப் பாருங்கள். இடது ஓரமாகவே, ஹாரன் அடித்துத் திரும்புங்கள்.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல், வைக்கோல், டிராக்டர் சேறு எல்லாம் கிடக்கும். அதன்மேல் ஏறும்முன் ஆக்சிலேட்டரைக் குறைத்து, திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்கணும். நெல்லைச் சுற்றி வைத்த கல் இருட்டில் தெரியாது. (காயப்போடுகிறவர்களும் நாம்தானே! வளைவில் மட்டுமாவது வேண்டாமே.)

முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் ஒருவர்தான் உட்காரலாம் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அவசரத்துக்கு மூன்று பேர் ஏறுவது நம் குழுக்களில் சகஜம். அப்படி ஏறினால் வளைவில் வண்டியைச் சமாளிப்பது கஷ்டம்.

தூரத்து ஊரில் கூட்டம் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கச் சொல்லி ஊக்குநரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.