கயிறு கற்பித்த பாடம்

1907-ஆம் ஆண்டு பேடன் பவல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்கு முதல் சாரண முகாம் நடத்தினார். 1910-இல் சிறுமியருக்கும் தனி இயக்கம் பிறந்தது. அவ்வழி வந்த சாரணியராகிய நாங்கள் செம்பாக்கத்தில் இரண்டு நாள் முகாமிட்டோம்.

முதல் வேலை, சவுக்குக் கம்புகளால் முகாம் வாயில் கட்டுவது. நிமிர்ந்த கம்பில், குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே 'கிளவ் ஹிட்ச்' முடிச்சிட வேண்டும். பின்பு இரு கம்புகளையும் சேர்த்து 3 சுற்று. அடுத்து, கம்புகளுக்கு நடுவே அந்தச் சுற்றுகளின் மேலேயே 2 இறுக்கச் சுற்று. முடிவில் குறுக்குக் கம்பில் மீண்டும் அதே முடிச்சு.

விளையாட்டுக்கு நேரமாகிறதே என்று இறுக்கச் சுற்றை விட்டுவிட்டோம். இரவுக் காற்றில் வாயில் சரிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. "அவசரமோ?" என்று மட்டும் கேட்டார் சிஸ்டர். தலைகுனிந்தோம். காலையில் அவிழ்த்து முறைப்படி கட்டினோம். மூவர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

பிறகு 'போலைன்' முடிச்சு கற்றோம். எவ்வளவு இழுத்தாலும் அதன் வளையம் சுருங்காது. ஆகவே நீரில் தத்தளிப்பவரின் அக்குளுக்குக் கீழே கட்டி இழுத்தாலும் மார்பு நெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் மக்களைப் படகில் மீட்டதைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தகைய நாளில் முடிச்சு அவிழ்ந்தால் போவது உயிரல்லவா?

தோழியரே, விளையாட்டுக்குக் கட்டும் முடிச்சையும் செவ்வனே கட்டிப் பழகுவோம்!