கைக்கடிகாரமும் இருதயத் துடிப்பும்



முற்காலத்தில் கைக்கடிகாரம் மணியை மட்டும் காட்டிற்று. இக்காலத்தில் இருதயத் துடிப்பையும் காட்டுகிறது. காசிமேடு முதல் எண்ணூர் வரை வேலைக்குப் போகும் வாலிபர் பலர் இதை அணிகிறார்கள். வெளியூரிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்புவதும் உண்டு. கருவி நல்லதே. ஆனால் சில வீடுகளில் இதனால் நிம்மதி குலைகிறது. இரவில் விழித்து எண்ணைப் பார்க்கிறார்கள். 96 என்றதும் பதறுகிறார்கள். பதறுவதால் அது 110 ஆகிறது. அதைக் கண்டு இன்னும் பதறுகிறார்கள். ஆகையால் இதைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

துடிப்பை அறிவது புதிதல்ல. நம் நாட்டு வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார்கள். இங்கிலாந்தில் சர் ஜான் ஃபிளாயர் என்ற வைத்தியர், ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707-ல் புத்தகமாக வெளியிட்டார்.

எத்தனை துடிப்பு சரி?

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை. நன்றாக உழைத்துப் பழகிய சரீரத்தில் 50-ம் இருக்கலாம்; தூக்கத்தில் இன்னும் குறையும். மீன்கூடை சுமந்தாலும், மாடிப்படி ஏறினாலும், வெயிலில் நின்றாலும் கூடும். காய்ச்சல், இரத்தசோகை, காபி, பீடி, இரவு வேலையால் கெட்ட தூக்கம், கோபம், பயம் ஆகியவையும் அதைக் கூட்டும். இப்படி ஏறி இறங்குவதே இருதயத்தின் இயல்பு.

கடிகாரம் தவறுமா?

தவறும். அது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பிவரும் ஒளியைக் கொண்டு கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்தாலும், கை வேகமாக அசைந்தாலும், அங்கே பச்சை குத்தியிருந்தாலும் கணக்குப் பிசகலாம். சந்தேகம் வந்தால் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில், மறுகையின் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள்.

அடிக்கடி பார்ப்பதால் என்ன கேடு?

அமெரிக்காவில், துடிப்பு ஒழுங்கு தவறும் நோயுள்ள 70 வயதுப் பெண்மணி ஒருவரைப்பற்றி 2020-ல் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தார்கள். அவர் ஒரே வருஷத்தில் தம் கடிகாரத்தால் 916 முறை ஈ.சி.ஜி. எடுத்தார், 12 முறை வைத்தியர்களிடமும் அவசர சிகிச்சைக்கும் ஓடினார். கடிகாரத்தின் அறிவிப்புகளை, நோய் முற்றுவதாக அவர் தவறாக எண்ணியதே காரணம். இறுதியில் மனப் பயத்துக்கும் அவருக்குச் சிகிச்சை வேண்டியிருந்தது.

எப்போது அசட்டை செய்யக் கூடாது?

இதுவே முக்கியம். மாரடைப்பைக் கடிகாரம் கண்டுபிடிக்காது. 78 என்று காட்டும்போதே மாரடைப்பு நேரலாம். நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் எண்ணைப் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலியின்றி, சோர்வும் மூச்சுத் திணறலும் மட்டுமே தோன்றலாம். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காலை வரை காத்திருப்பது பெரும் ஆபத்து.

இவ்வறிகுறிகள் இல்லாமல், ஓய்விலும் துடிப்பு 100-க்கு மேலேயே நின்றாலும், தலைசுற்றலோடு 50-க்குக் கீழ் போனாலும், தாளம் தப்பித் துடித்தாலும், நாள் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஒழுங்காகச் சோதித்து "இருதயம் நலம்" என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லை நம்புங்கள். இரவில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். அப்படியும் பயம் விடாவிட்டால் அதையும் வெட்கப்படாமல் அவரிடமே சொல்லுங்கள். பயமும் குணமாகக்கூடியதே.

இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு முன், பிள்ளைகளுக்கு நாடி எண்ணக் கற்றுக்கொடுங்கள். தாத்தா பாட்டியின் நாடியை எண்ணி, காலண்டரில் குறித்து வைக்கட்டும். வைத்தியரிடம் போகும் நாளில் அது உதவும்.