பதிவேடு எங்கே இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கடைசி வரி உறுத்திக்கொண்டே இருந்தது. நீ வேலை பார்க்கும் மக்களவை உறுப்பினருக்காக எழுதிக்கொடுத்த மூன்று கேள்விகளும் ஏற்கப்பட்டன, மூன்றுக்கும் பதில் வந்தது, மூன்றிலும் ஒன்றுமில்லை, "கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது ஐயா?" என்று முடித்திருந்தாய்.

நீ சேர்த்து அனுப்பிய தாள்களை மூன்று முறை படித்தேன். சொன்னால் வருத்தப்படாதே. பதில்கள் உன் கேள்விகளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. சிறைக் கேள்வியைப் பார். "சிறைகளில் நெரிசல் மிகுந்திருப்பது அரசுக்குத் தெரியுமா, தெரியுமெனில் எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேட்டிருக்கிறாய். உள்துறை அமைச்சகம் (அ) முதல் (ஈ) வரை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கட்டி, ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் நான்காவது இனமாகச் சிறை இருக்கிறது, பொறுப்பு மாநிலங்களுடையது என்று எழுதிவிட்டது. தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார்கள். நெரிசலை எண்ணித் தொகுப்பதே அந்த அமைச்சகத்தின் கீழுள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்தான். 2022 முடிவில் 5,73,220 பேர் சிறையில் இருந்தார்கள், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று அச்சிட்டு வெளியிட்டவர்களிடம் போய் 'தெரியுமா' என்று கேட்கலாமா?

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி (அவையில் வாய்மொழியாகப் பதில் வருபவை), 230 எழுத்துக் கேள்வி, ஒரு கேள்விக்கு 150 சொல் வரம்பு என்பதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றே ஒன்று. கேள்வி எழுதுமுன், இதற்கான பதிவேடு எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்பதுதான் கேள்வி. முப்பது ஆண்டு வகுப்பில் நான் சொல்லி வந்தது இதுதான். நீ இரண்டாம் ஆண்டில் இருந்தபோதும் சொன்னேன்.

2020 செப்டம்பரை எடுத்துக்கொள். பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்ட கூட்டத்தொடர் அது. எழுத்துக் கேள்விகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டார்கள். செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது: அப்படி ஒரு விவரம் வைத்துக்கொள்ளப்படவில்லை. இழப்பீடு பற்றிய பகுதிக்கு, விவரமே இல்லாததால் அந்தக் கேள்வி எழவில்லை என்றது. நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அதே வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, மாநிலங்களவையில் நடந்ததைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. உறுப்பினர் டெரிக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் எண்ணோடு பதில் சொன்னார்: அந்தத் தொழிலாளர்களை ஊர் சேர்க்க விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள். 87 உடல்கள் உடற்கூறாய்வுக்கு அனுப்பப்பட்டன, 51 அறிக்கைகள் கிடைத்திருக்கின்றன.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. ஒரே அரசு, ஒரே வாரம், ஒரே மக்களின் சாவு. ஒரு வாசலில் 'விவரம் இல்லை', இன்னொரு வாசலில் 97. ரயிலில் ஒருவர் இறந்தால் உடலை இறக்கி, காவல்துறையில் பதிந்து, பெரும்பாலும் ஆய்வுக்கும் அனுப்புகிறார்கள், ஆகவே அங்கே ஒரு பதிவேடு பிறந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் நடந்தே போய் விழுந்தவருக்கு அப்படி ஒரே இடத்தில் பதிவு கிடையாது. இன்னொன்றையும் பார். ரயில்வே அந்த எண்ணை மாநிலக் காவல்துறைகளிடமிருந்து வாங்கித்தான் சொன்னது. காவலும் மாநிலப் பட்டியல்தான். கேட்டு வாங்க மனமிருந்தால் வாங்க முடிந்திருக்கிறது. மாநிலப் பொருள் என்று சொல்லிவிட்டால் கேள்வி செத்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது?

சிறைக்கு வருகிறேன். பிணை கிடைத்தும் ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போது வைத்த வரம்புப்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. ஆண்டுக்கு 20 கோடி வரை ஒதுக்கீடு. பணம் போவது நான் மேலே சொன்ன அதே ஆவணக் காப்பகத்தின் வழியாக. அலமாரி எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா? எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போயிற்று, அதில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள், ஒருவர்கூட வராத மாநிலங்கள் எவை என்று கேள். மத்திய அரசின் காசு, மத்திய அரசின் கணக்கு. இதற்கு மாநிலப் பட்டியலைக் காட்ட முடியாது. ஜாமீனுக்குக் காசில்லாதவன் ஒவ்வொரு நாளும் உள்ளே கழிக்கிறான் தம்பி. அவன் சார்பாக எழுதும்போது 'தெரியுமா' என்ற சொல்லில் ஒரு வரியை வீணாக்க உனக்கு உரிமை இல்லை.

முதியோர் உதவித்தொகைக் கேள்வி மூன்றில் நல்லது. மத்திய அரசின் பங்கு 79 வயதுவரை மாதம் 200 ரூபாய் என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறாய். நம் மாநிலம் தன் பணத்தைச் சேர்த்து 1,200 ஆகக் கொடுப்பதையும் சொல்லியிருக்கிறாய். ஆனால் "உயர்த்தும் எண்ணம் உண்டா" என்று கேட்டுவிட்டாய். எண்ணத்துக்குப் பதிவேடு கிடையாது. நாடாளுமன்ற நிலைக்குழு உயர்த்தச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்திருக்கிறது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில்களின் தேதிகளைக் கேட்டிருக்கலாம்.

மிச்சமிருப்பது சுங்கச்சாவடிக் கேள்வி. பேசுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். அறுபது கிலோமீட்டருக்குள் இரண்டு சாவடி இருக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2022 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரியே மக்களவையில், அப்படி இருப்பவை மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். நீயும் "ஏன் மூடவில்லை" என்று கேட்டிருக்கிறாய். 2008 ஆம் ஆண்டுக் கட்டண விதிகளை நீ முழுதாகப் படிக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த 60 கிலோமீட்டர் விதிக்குக் கீழே ஒரு விலக்கு இருக்கிறது: தேவையென்று கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து, அறுபதுக்குள்ளும் அமைக்கலாம். பாலம், புறவழிச்சாலை, சுரங்கப்பாதைக்குத் தனி விலக்கு. அமைச்சகம் இந்த விலக்கைச் சொல்லித் தப்பித்திருக்கிறது. கோபப்படாமல் அந்த வரியைத் திரும்பப் படி. 'காரணத்தை எழுத்தில் பதிந்து.' அப்படியானால் அந்த விலக்கில் அமைத்த ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் ஒரு தேதி, ஒரு கையெழுத்து. உங்கள் தொகுதியில் அப்படி அமைத்த ஒரே ஒரு சாவடியை எடுத்துக்கொள். அதற்குக் காரணம் பதியப்பட்ட நாள் எது, பதிந்த அதிகாரியின் பதவி என்ன, அந்தக் குறிப்பின் நகல் அவையில் வைக்கப்படுமா என்று கேள். காகிதம் இருந்தால் வரும். இல்லையென்றால் இல்லை என்று அமைச்சர் எழுத வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் வரை போகலாம்.

பத்திரிகைகள் ஆண்டு முடிவில் யார் அதிகம் கேள்வி கேட்டார் என்று பட்டியல் போடுகின்றன. அதைப் பார்த்து உங்கள் அலுவலகமும் எண்ணிக்கைக்கு ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்தப் பட்டியலைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். கன்னிமாரா நூலகத்தில் 1957 ஆம் ஆண்டு மக்களவை விவாதத் தொகுதிகளை ஒரு கோடை முழுவதும் படித்தேன். தடித்த அட்டை, தொட்டால் உதிரும் தாள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களுடைய பங்குகளை வாங்கியது பற்றி ராம் சுபக் சிங் செப்டம்பரில் எழுப்பிய கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. உறுப்பினர்கள் விடவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன், அதே விஷயத்தைக் கையில் எடுத்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எத்தனை கேள்வி என்று அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. முதல் பதிலில் எது விட்டுப்போயிற்று என்றுதான் பார்த்தார்கள்.

ஆகவே வந்த மூன்று பதில்களையும் தூக்கிப் போடாதே. 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று எங்காவது இருந்தால் அடிக்கோடிடு. அது அவைக்குத் தந்த உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், நிறைவேறாவிட்டால் கேட்பதற்கு அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. உன் சுங்கச்சாவடிப் பதிலின் இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரியில், அந்தச் சொற்கள் இருக்கின்றன. நீ கவனிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் பதில் வர வேண்டிய நாளுக்குக் குறைந்தது பதினைந்து முழு நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். மூன்றையும் திருத்தி எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்