கூகுளில் முதல் பக்கம்: எத்தனை நாளில்?

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எல்லோரும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருப்பது எங்க வீட்டு விஷயம்தான். ஆனால் இதில் 9,000 ரூபாய் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

எங்கப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் ஆவணி மாதம் ஒருவர் கடைக்கு வந்து, "வெப்சைட் போட்டு முப்பதே நாள்ல கூகுள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்தர்றனுங்க" என்று சொல்லி 9,000 ரூபாய் வாங்கிப் போனார். நான் விடுதியில் இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. (கேட்டிருந்தாலும் அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதே உண்மை!)

இருபத்திரண்டாம் நாள் அப்பா போன் செய்தார். "கண்ணு, நம்ம கடை முதல்ல வருது பாரு!" நானும் தேடிப் பார்த்தேன். வந்தது. எப்போது வந்தது தெரியுமா? கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் வந்தது.

அந்தப் பெயருக்கு வேறு யார் போட்டிக்கு இருக்கிறார்கள்? எரிந்துபோன மோட்டாரை வைத்துக்கொண்டு நிற்கிற விவசாயி கடைப் பெயரைத் தேட மாட்டார். "மோட்டார் காயில் கட்டும் கடை" என்று ஊர்ப் பெயரோடுதான் தேடுவார். அப்படித் தேடினேன். ஏழாம் பக்கம் வரைக்கும் போனேன். நம்ம கடையைக் காணோம்!

அன்றைக்குத்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் புரிந்தது இது: கூகுளில் ஒரு தளம் இருப்பது வேறு, முன்னால் இருப்பது வேறு. அந்த ஆள் முதலாவதைக் காட்டி இரண்டாவதற்குக் காசு வாங்கிவிட்டார்.

கூகுள்பாட் என்றொரு புரோகிராம் இருக்கிறது. அது ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், படிக்கும், படித்ததை இண்டெக்ஸில் சேர்க்கும். நம் நூலகத்தில் புதுப் புத்தகத்துக்கு நம்பர் போட்டு அலமாரியில் வைப்பது போல. இதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைக் கொடுங்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்பது இலவசம். அதில் "என் பக்கத்தைப் படி" என்று விண்ணப்பமும் போடலாம். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தாலும் வேகம் கூடாது. நான் பதினோரு தடவை அமுக்கிய பிறகுதான் இதைப் படித்தேன்.

அலமாரிக்குள் போனாயிற்று. முன்வரிசைக்கு எப்படி வருவது? 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் பேஜ்ரேங்க் என்ற கணக்கை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஓட்டுப் போட்ட மாதிரி. ஆனால் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. தானே நிறைய ஓட்டு வாங்கிய பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். இன்றைக்கு இது கூகுள் பார்க்கும் பல விஷயங்களில் ஒன்று. என்றாலும் புதுத் தளத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? தெரிந்தால்தானே!

எத்தனை மாதம் என்று கேட்பீர்கள். கூகுளில் வேலை பார்த்த மைல் ஓயே 2017-இல் ஒரு வீடியோவில், பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்றார். அதுவும் வேலையைச் செய்து, பிறகு பலனைப் பார்க்க. அதே 2017-இல் ஏரெஃப்ஸ் என்ற நிறுவனம் 20 லட்சம் புதுப் பக்கங்களை எடுத்துப் பார்த்தது. ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு சொல்லுக்காவது முதல் பத்து இடத்துக்குள் வந்தவை 5.7 சதவீதம்தான்! முதல் இடத்தில் இருந்த பக்கங்களின் சராசரி வயது கிட்டத்தட்ட மூன்று வருடம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "வார்னிஷ் காயற மாதிரியா கண்ணு?" என்றார். காயில் கட்டியதும் வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார்கள். காயாமல் லோடு கொடுத்தால் மோட்டார் போய்விடும். நல்ல உவமைதான், ஆனால் முழுசாகப் பொருந்தாது. வார்னிஷ் சும்மா வைத்தாலே காய்ந்துவிடும். வெப்சைட் சும்மா கிடந்தால் மூன்று வருடம் ஆனாலும் ஏழாம் பக்கத்திலேயேதான் கிடக்கும்.

சரி, ஓட்டைக் காசு கொடுத்து வாங்கினால்? அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை நிறுவனத்துக்காக யாரோ அதைச் செய்தார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் இணைப்புகள். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைக் கண்டுபிடித்தது. ஒரு பெட்டி வகையின் பெயரைத் தேடினால் மாலை ஏழு மணிக்கு முதல் இடத்தில் இருந்த அந்தக் கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடம்! எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன நிறுவனம், இந்த வேலைக்கு அமர்த்தியிருந்தவர்களை நீக்கிவிட்டது. ஏறுவதற்குத்தான் மாதக்கணக்கு, இறங்குவதற்கு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு யாரையும் மேலே ஏற்றுவதில்லை என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. மேலே வரும் விளம்பரங்கள் தனிக் கணக்கு, காசு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அந்த ஆள் போட்டுக் கொடுத்த தளத்தில் இருந்தது ஒரே பக்கம், ஐந்து வரி ஆங்கிலம், யாருடையதோ ஒரு ஃபேக்டரிப் படம். தீபாவளி விடுமுறையில் நானும் அப்பாவும் உட்கார்ந்து மாற்றினோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். எந்த எச்.பி. மோட்டாருக்கு எத்தனை நாள் ஆகும், சிங்கிள் ஃபேஸுக்கும் த்ரீ ஃபேஸுக்கும் என்ன வித்தியாசம், சப்மெர்சிபிள் மோட்டார் எதனால் அடிக்கடி எரிகிறது, எல்லாம் தமிழில். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. கூகுள் மேப்பிலும் கடையைச் சேர்த்தோம், அதற்கும் காசு கிடையாது.

ஐந்து மாதம் ஆயிற்று. "சப்மெர்சிபிள் மோட்டார் ஏன் எரிகிறது" என்று தமிழில் தேடினால் நாங்கள் ஒன்பதாம் இடம். அதைப் படித்துவிட்டு இருபது கிலோமீட்டரிலிருந்து ஒருவர் மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊர்ப் பெயரோடு கடையைத் தேடினால் இன்னும் மூன்றாம் பக்கம்தான். 9,000 ரூபாய் திரும்பி வரவில்லை, அந்த நம்பரும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அப்பா "சாப்பிட்டியா"வுக்கு அடுத்து கேட்பது, "எத்தனாவது பக்கம் கண்ணு?"