கடன் நம்முடையது, ஏச்சு நம்முடையதல்ல



சென்ற ரமலானுக்கு முந்திய மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் நம் டிரஸ்ட் அலுவலக போன் அடித்தது. பேசியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரியின் பெயரைச் சொல்லி, "பள்ளிவாசல் ஆளுங்கதானே? உங்க ஆளு வாங்கின காசை எப்பக் கட்டுவாங்க?" என்று ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தைகளில் முடித்தார். கடன் விண்ணப்பத்தில் ரெபரென்ஸ் நம்பர் கேட்டபோது யாருடைய எண்ணைக் கொடுப்பது என்று தெரியாமல் அந்தச் சகோதரி நம் அலுவலக எண்ணைக் கொடுத்திருந்தார்.

அன்று நாங்கள் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். திட்டு வாங்கிய சூட்டில், அஸருக்கு வந்த அவருடைய அண்ணனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தோம். இஷாவுக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வசூல்காரர் எதற்காக எங்களுக்குப் போன் செய்தாரோ, அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் நாங்களே செய்து முடித்திருந்தோம். பிறகு அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அனுமதி தந்ததால்தான், அடையாளம் தெரியாதபடி, இதை எழுதுகிறோம்.

அடுத்த வாரம் அவர் அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னது இது: "காக்கா, கடன் வாங்கினேன், இல்லைன்னு சொல்லல. வட்டின்னு தெரிஞ்சும் வாங்கினேன். அதான் இங்க வர்றதுக்கு முகம் இல்லாம இருந்தேன்." கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தையல் வருமானம் மட்டும் மிஞ்சியது. மகளிர் குழுவில் வாங்கிய நாற்பதாயிரத்துக்கு இரண்டு தவணை தவறியது. குழுவில் உள்ளவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்களே என்று பயந்து, போனில் வந்த ஒரு லோன் ஆப்பில் 10,000 கேட்டார். கையில் வந்தது 6,800. ஏழாம் நாள் கட்டச் சொன்னது முழுப் பத்தாயிரம். அதைக் கட்ட இன்னொரு ஆப், அதைக் கட்ட மூன்றாவது. போனை அணைத்து வைத்ததால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வந்த அழைப்பும் தவறியது. ஒரு ராத்திரி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் மனதை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

இந்தக் கதையில் கவனியுங்கள். முதல் கடன் கணவரின் நோய்க்காக. மற்ற மூன்றும் போன் அடிப்பதை நிறுத்துவதற்காக. அவமானத்துக்குப் பயந்து வாங்கிய கடன்தான் அவரை மூழ்கடித்தது. ஆகவே இந்த மாதப் பாடத்தில் கடனையும் ஏச்சையும் இரண்டு கணக்காகப் பிரித்துக்கொள்வோம். ஒன்றைக் கட்ட வேண்டும். மற்றொன்றைப் புகாராக எழுத வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, கையில் காசு இருந்தும் இழுத்தடிக்க வழி கிடைத்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வசதி உள்ளவர் கடனைத் தாமதிப்பது அநியாயம் என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான தீர்ப்பு. கடன் கொடுத்த ஒருவர் அவர்களிடமே கடுமையாகப் பேசித் தோழர்கள் கொதித்தபோது, உரிமை உள்ளவர் பேசத்தான் செய்வார் என்று தோழர்களைத்தான் தடுத்தார்கள். கேட்பது கொடுத்தவரின் உரிமை. அதேசமயம், கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது (2:280). கடனாளியிடம் கேட்கலாம். அவருடைய மாமியாரிடமும் மகளின் டீச்சரிடமும் பள்ளிவாசல் அலுவலகத்திடமும் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ அவர்கள் அமர்த்திய வசூல் ஆட்களோ காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கிக்காகப் போன் செய்யக் கூடாது. குழுக் கடன் போன்ற நுண்கடன்களுக்கு இந்த நேரம் இன்னும் குறுகியது, காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டக் கூடாது, பெயர் சொல்லாத அழைப்புகள் கூடாது, ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் ரெபரென்ஸ் கொடுத்தவர்களையும் தொல்லை செய்யக் கூடாது, நாலு பேர் முன் அவமானப்படுத்தக் கூடாது. வசூலை வெளி ஆளிடம் விட்டுவிட்டோம், எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி கைகழுவவும் முடியாது. அந்த ஆள் செய்வதற்குக் கம்பெனியே பொறுப்பு.

குழுக் கடனில் பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கு வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். தாமதத்துக்கான அபராதம் தவறிய தவணைத் தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் அல்ல. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படி நுண்கடன் கொடுக்கவும் கூடாது. அதை மீறிக் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதலாம். ஆனால் குழுவில் உள்ள மற்றப் பெண்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் பங்கைத் தங்கள் கையிலிருந்து போட்டுக் கட்டச் சொல்லி அவர்களையும்தான் நெருக்குகிறார்கள். கட்ட முடியாத மாதம் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள், வாசலுக்கு வந்த பிறகு அல்ல.

போன் வந்தால் எடுங்கள். எடுக்காமல் விட்டால் அடுத்த போன் உங்கள் அண்ணனுக்குப் போகும். எடுத்ததும் பேனாவைக் கையில் பிடியுங்கள். "உங்க பேரு என்ன, எந்தக் கம்பெனி, எந்தக் கடன் நம்பருக்குப் பேசுறீங்க? பாக்கி எவ்வளவுன்னு கணக்கு எழுத்துல அனுப்புங்க. இந்த மாசம் என்னால இவ்வளவுதான் முடியும், இந்தத் தேதிக்குக் கட்டுறேன். என்னைத் தவிர வேற யாருக்கும் போன் செய்யாதீங்க." இவ்வளவு போதும். எதிரில் குரல் உயர்ந்தால் "நீங்க பேசுறதை எழுதிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். போனில் பதிவு வசதி இருந்தால், பதிவாகிறது என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குக் குரல் தானாக இறங்கிவிடும். தப்பிப்பதற்காக மட்டும் முடியாத தேதியைச் சொல்லாதீர்கள். தவறிய ஒவ்வொரு தேதியும் அடுத்த அழைப்பில் அவர் கையில் கம்பாகிவிடும்.

ஒரு நோட்டு போட்டுத் தேதி, நேரம், எண், பேசியவர், சொன்ன வார்த்தை என்று எழுதி வையுங்கள். கெட்ட வார்த்தையானாலும் அப்படியே எழுதுங்கள், வெட்கப்பட வேண்டியவர் பேசியவர்தான். நம் சகோதரியின் நோட்டில் ஒரே நாளில் நாற்பத்தொரு அழைப்புகள் இருந்தன. முதல் அழைப்பு காலை 6:10க்கு.

வழக்கமான மிரட்டல்களையும் பார்த்துவிடுவோம். "போலீஸ் வருது, வாரண்ட் ரெடி" என்பார்கள். தவணை கட்ட முடியாமல் போவது உரிமையியல் விவகாரம், அதற்காகக் கைது கிடையாது. வாட்ஸ்அப்பில் வாரண்ட் வராது. ஆனால் செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் அது வேறு. அதற்குக் குற்ற வழக்கு உண்டு. அப்படி நோட்டீஸ் வந்தால் அன்றே வக்கீலிடம் போங்கள். "உன் அண்ணன்தான் கட்டணும்" என்பார்கள். ரெபரென்ஸ் கொடுத்தவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மட்டும் கட்டக் கடமைப்பட்டவர். "ராத்தாவுக்காக ஒரு கையெழுத்துதானே" என்று பேப்பரைப் படிக்காமல் போடும் தம்பிகள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்கவும். இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்பது நாட்டுச் சட்டம். விதவையிடம் போய் நின்று மிரட்டுபவர்களுக்கு அதைச் சொல்லலாம்.

லோன் ஆப்களின் விஷயம் தனி. போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் ஆப் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்ற விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைப் பிறகு கேட்கக் கூடாது. எந்த வங்கிக்காக, எந்தக் கம்பெனிக்காகக் கடன் தருகிறது என்று சொல்லாத ஆப் பெரும்பாலும் மோசடிதான். படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டல் வந்தால் அது கடன் விவகாரமே அல்ல, இணையக் குற்றம். 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் கொடுத்து அடக்கப் பார்க்காதீர்கள். கொடுத்தவரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு, "என் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், வந்தால் நம்பாதீர்கள், அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி போட்டுவிடுங்கள். நம் சகோதரி இதைச் செய்ய இரண்டு நாள் யோசித்தார். செய்த அன்றுதான் தூங்கினார்.

பதிவு பெற்ற கம்பெனியானால் முதல் புகார் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கே போக வேண்டும். மின்னஞ்சலிலோ விரைவுத் தபாலிலோ அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாசகம் எளிதாக இருந்தால் போதும்:

"என் கடன் எண் இது. கடனை மறுக்கவில்லை. கணவரின் நோயால் வருமானம் குறைந்துவிட்டது. மாதம் இவ்வளவு கட்ட முடியும், தவணையை மாற்றித் தரவும். இன்ன தேதிகளில், இன்ன எண்களிலிருந்து, அனுமதித்த நேரத்துக்கு வெளியிலும் என் உறவினர்களுக்கும் அழைப்புகள் வந்துள்ளன. பட்டியல் இணைத்துள்ளேன். இவற்றை நிறுத்தி எழுத்தில் பதில் தரவும்."

முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். உயிருக்கோ மானத்துக்கோ மிரட்டல் என்றால் முப்பது நாள் காத்திருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம். வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு தனிச் சட்டமே வந்திருக்கிறது. தெருவில் கந்துவட்டி வாங்குபவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு, எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவுவார்கள்.

கட்டும்போது வசூல்காரர் கையில் பணமாகக் கொடுக்க வேண்டாம், அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வேண்டாம். கம்பெனிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுத்தில் வந்த பிறகு கட்டுங்கள். முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் (2:282). ஆனால் நம்மவர்கள் ரசீதைக் கேட்பதை ஏதோ மரியாதைக் குறைவாக நினைக்கிறோம்.

மஹல்லாவுக்கும் ஒரு வார்த்தை. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் (9:60). நம் பைத்துல்மாலில் விதவைக்கும் அநாதைக்கும் உடனே கை நீள்கிறது, கடனாளி என்றால் "எதுக்கு வாங்கினா?" என்ற விசாரணை முதலில் வருகிறது. வட்டி ஹராம் என்று பயான் செய்வது அவசியம். அது வாங்குவதற்கு முன் காதில் விழ வேண்டும். மாட்டிக்கொண்டு வந்து நிற்பவரிடம் அதையே திரும்பச் சொல்லி அனுப்பினால், அவர் அடுத்த ஆப்பைத் தேடித்தான் போவார்.

அந்தச் சகோதரியின் ஆப் கடன்களில் இரண்டு பதிவே இல்லாதவை. புகார் கொடுத்த பிறகு அழைப்புகள் குறைந்து நின்றுபோயின. மூன்றாவதை பைத்துல்மால் நேரடியாகக் கம்பெனிக் கணக்கில் கட்டி முடித்தது. குழுக் கடனுக்குத் தவணையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்பது தவணை பாக்கி, தையல் காசில் அவரே கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அலுவலகத்துக்கு இப்படி அழைப்பு வந்தால், "நாங்கள் ஜாமீன்தாரர் அல்ல, உங்கள் பெயரும் கம்பெனியும் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் தெரிவிக்கிறோம். அண்ணனிடம் இல்லை, முத்தவல்லியிடமும் இல்லை. திங்கள், வியாழன் கிழமைகளில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இதற்காகவே இருவர் உட்கார்ந்திருப்போம். பெண்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு சகோதரி இருப்பார். கடன் தாள்கள், பாஸ்புக், போன் மூன்றையும் எடுத்து வாருங்கள், வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். நடு இரவில் மனம் தாங்காமல் போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 104, 14416 இரண்டு எண்களிலும் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.