கைக்குட்டை மரம்: வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

மே மாதத்தில் கிளைதோறும் வெண்ணிறக் கைக்குட்டைகளைத் தொங்கவிட்டது போலத் தோன்றும் மரம் டேவிடியா. அவ்வெண்மை இதழ்களால் ஆனதன்று. சிறிய உருண்டைப் பூங்கொத்தைச் சூழ்ந்த இரு இலைகளே வெண்மையுற்றுக் காற்றில் அசைகின்றன. இலையுதிர் மரமாகிய இது இங்கிலாந்தின் குளிரைத் தாங்கி வளரும்.

வரலாறு

இதன் தாயகம் சீனா. 1899ஆம் ஆண்டில் வீச் நாற்றுப்பண்ணையினர் இதன் விதையைக் கொணருமாறு ஏர்னெஸ்ட் வில்சன் என்னும் இளைஞரை அங்கு அனுப்பினர். அகஸ்டின் ஹென்றி என்பவர் முன்னர் கண்டு குறித்துவைத்த ஒரு மரத்தைத் தேடி அவர் 1900 ஏப்ரலில் அவ்விடத்தை அடைந்தார். ஆனால் அம்மரம் வெட்டப்பட்டு, அதனைக் கொண்டு வீடொன்று கட்டப்பட்டிருந்தது. மனந்தளராது தேடிய வில்சன், அடுத்த மாதமே பூத்துநின்ற வேறு மரங்களைக் கண்டார். அவர் அனுப்பிய விதைகளில் முளைத்த மரம் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூத்தது 1911இல் ஆகும்.

இடம் தெரிதல்

முதிர்ந்த மரம் 12 மீற்றருக்கு மேல் உயர்ந்து, 8 மீற்றருக்கு மேல் படரும். ஆகவே ஒடுங்கிய தோட்டங்களுக்கு இது ஏற்றதன்று. வீட்டுச் சுவர், கழிவுநீர்க் குழாய், அயலவர் வேலி ஆகியவற்றிலிருந்து நன்கு விலக்கி நடுதல் வேண்டும். ஈரம் காக்கும், ஆயினும் நீர் தேங்காத வளமான மண்ணும், கடுங்காற்றிலிருந்து மறைவும் தேவை. வெயிலோ பகுதி நிழலோ போதுமானது.

நடுகையும் பராமரிப்பும்

1. நவம்பர் முதல் மார்ச் வரை, நிலம் உறையாத நாளில் நடுக.
2. குழியின் ஆழம் வேர்த்தொகுதியின் ஆழமாகவும், அகலம் அதன் இருமடங்குக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். தண்டின் அடி மண்ணுள் புதையலாகாது.
3. உக்கிய இலைப்பசளையைத் தண்டைத் தொடாதவாறு சுற்றிப் பரப்புக.
4. முதல் இரு கோடைகளிலும் தவறாது நீர் ஊற்றுக.

விதையிலிருந்து வளரும் மரம் பூப்பதற்கு 20 ஆண்டுகள் வரை செல்லலாம். விரைவில் பூக்க விரும்புவோர் ‘சொனோமா’ வகையின் ஒட்டுக்கன்றைத் தெரிவு செய்யலாம். அது சில ஆண்டுகளிலேயே பூக்கும்.

வெட்டுவதற்கு முன்

புதிதாகக் குடிபுகுவோர், இதய வடிவ இலைகளுடன் பூக்காது நிற்கும் மரத்தைப் பயனற்றதெனக் கருதி வெட்டிவிடுதல் கூடும். முந்தியவர் நட்டுப் பல்லாண்டு காத்த மரமாக அது இருக்கலாம். ஒரு மே மாதம் வரையேனும் பொறுத்துப் பார்த்தல் நன்று. மேலும், பாதுகாப்பு ஆணைக்குட்பட்ட மரத்தைச் சபையின் அனுமதியின்றி வெட்டுதல் சட்டப்படி குற்றமாகும். மரபுப் பாதுகாப்புப் பகுதிகளில், நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விட்டமுடைய மரத்தை வெட்டுவதாயின், 6 வாரங்களுக்கு முன்னரே சபைக்கு அறிவித்தல் வேண்டும்.