வீடியோ வியாபாரத்தில் சாவி யார் கையில்? – திறந்த மூல வீடியோ தளங்கள் பற்றி ஒரு பாடம்



சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியது போக, படத்தில் பார்த்து வாங்கும் காலமும் வந்துவிட்டது. முசிறியில் கோரைப்பாய் மொத்த வியாபாரம் செய்பவர், வெளியூர்க் கடைக்காரருக்கு மாதிரிப் பாயை லாரியில் அனுப்பும் முன் செல்போனில் எடுத்த வீடியோவை அனுப்பலாம். நெசவின் நெருக்கம், ஓரத் தையல், சாயத்தின் நிறம் எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொட்டியத்து வாழைத்தாருக்கும் மண்ணச்சநல்லூர் அரிசிக்கும் இதே வசதி உண்டு.

அப்படியானால் வீடியோவும் நம் கடையின் இருப்பில் சேர்ந்த ஒரு பொருள். அந்த இருப்பு எந்தக் குடோனில் கிடக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது வியாபாரிக்குக் கடமை. அதற்கு உதவுவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. ஓரிரு நாளில் மூடிய கடைகள்

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. பில்களைப் படம் பிடித்து அனுப்பப் பல கடைகளில் பயன்பட்ட கேம்ஸ்கேனரும் அந்தப் பட்டியலில் இருந்தது. டிக்டாக்கும் இருந்தது. தடைக்கான காரணம் சரியா தவறா என்பது இந்தப் பாடத்தின் விஷயம் இல்லை. அதன் விளைவே நமக்கு முக்கியம். டிக்டாக்கில் சேலை, பாத்திரம், தின்பண்டம் என்று காட்டி வாடிக்கை சேர்த்திருந்த சிறு வியாபாரிகளுக்கு அந்த வாடிக்கை ஓரிரு நாளில் இல்லாமல் போனது. பின்தொடர்ந்தவர்களின் முகவரியோ தொலைபேசி எண்ணோ அவர்களிடம் இல்லை. மூல வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிட்டவர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

சட்டம் குறுக்கிடாமலும் கடை மூடும். கூகுள் நிறுவனம் ‘கூகுள் வீடியோ’ என்ற தளத்தை 2005-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே யூடியூபை 165 கோடி டாலருக்கு வாங்கிற்று. இரண்டு கடை எதற்கு என்று முதலில் வைத்த கடையில் புதுச் சரக்கு ஏற்றுவதை 2009-இல் நிறுத்தி, 2012 ஆகஸ்டில் முழுவதுமாக மூடிவிட்டது. இடத்துக்குச் சொந்தக்காரர் எடுத்த முடிவு அது. வாடகைக்கு இருப்பவருக்கு அதில் பேச இடமில்லை.

2. திறந்த மூலம் என்றால் என்ன?

கடையில் மசாலாப் பொடி வாங்கி விற்கிறோம். எந்தச் சரக்கு எத்தனை பங்கு என்பது கம்பெனியின் ரகசியம். கம்பெனி மூடினால் அந்தப் பொடியும் போயிற்று. பொடியோடு விகிதச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்து, ‘நீங்களும் அரைத்துக்கொள்ளலாம், காரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அரைத்ததை விற்கவும் செய்யலாம்’ என்று சொன்னால் அது திறந்த மூலம். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு அந்த விகிதச் சீட்டுதான் மூல நிரல்.

இந்த எண்ணத்தை 1983-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனூ’ திட்டமாக அறிவித்தார். தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். கட்டற்றது என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. புரோகிராமுக்கு விலை இல்லாமல் இருக்கலாம். அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்கும், பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் செலவு உண்டு.

நாம் அறியாமலே இதைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். கடைக் கம்ப்யூட்டரில் எந்த வீடியோவையும் ஓட்டிக் காட்டும் வி.எல்.சி. பிளேயர், பாரிஸ் நகர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை. 2001-இல் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

3. வீடியோ தளத்துக்குள் நடக்கும் மூன்று வேலைகள்

முதல் வேலை, தரம் பிரிப்பது. போனில் எடுத்த கனமான வீடியோவைப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பல அளவுகளில் மாற்றி வைக்க வேண்டும். சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவருக்குச் சிறியது போகும். இந்த வேலையைச் செய்யும் எஃப்.எஃப்.எம்பெக் என்ற புரோகிராமை 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கினார். திறந்த மூலமான இதை உலகின் பெரிய வீடியோ நிறுவனங்கள் பலவும் பயன்படுத்துகின்றன.

இரண்டாவது, இருப்பு வைப்பது. மூலமும் மாற்றிய பிரதிகளும் வட்டில் இடம் பிடிக்கும்.

மூன்றாவது, பட்டுவாடா. கேட்டவருக்குத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். அதிகச் செலவு பிடிக்கக்கூடியது இதுதான். யூடியூப் இந்த மூன்றையும் நமக்குக் காசில்லாமல் செய்து தருகிறது. கூலியை விளம்பரத்தில் எடுத்துக்கொள்கிறது.

4. பாடப்புத்தகத்தில் இருக்கும் உதாரணம்

திறந்த மூலத்தில் இவ்வளவு பெரிய வேலை நடக்குமா என்று சந்தேகம் வரும். நம் பிள்ளைகளின் பையில் இருக்கும் பாடப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 2018-இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில், நம் கல்லாவில் பணம் வாங்க ஒட்டியிருப்பது போன்ற க்யூ.ஆர். கட்டங்கள் அச்சிடப்பட்டன. போனைக் காட்டினால் தீக்ஷா என்ற தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய வீடியோவும் பயிற்சியும் திறக்கும். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்ட இந்தத் தளம், சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அதை உருவாக்கியது பெங்களூரைச் சேர்ந்த ஏக்ஸ்டெப் அறக்கட்டளை.

இதில் வியாபாரிக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. புத்தகத்தில் அச்சான கட்டம், அதைப் போட்டவர்களின் சொந்த முகவரிக்குப் போகிறது. பின்னால் இருக்கும் வீடியோவை மாற்றினாலும் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க வேண்டியதில்லை. நம்மில் பலரோ துணிப்பையிலும் பில் புத்தகத்திலும் வேறொரு நிறுவனத்தின் முகவரியை அச்சடித்துக்கொடுக்கிறோம். அந்த நிறுவனம் கணக்கை முடக்கினால் அச்சடித்த பை முழுவதும் வீண்.

5. பீர்டியூப்: சொந்தமாக வைத்துக்கொள்ளும் தளம்

யூடியூப் போன்ற ஒன்றை நாமே வைத்துக்கொள்ள வழி செய்யும் திறந்த மூல மென்பொருள்களில் பெயர் பெற்றது பீர்டியூப். பிரான்ஸ் நாட்டின் ஃபிராமாசாஃப்ட் என்ற லாப நோக்கமற்ற சங்கம் இதை வளர்க்கிறது. முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. 2021 ஜனவரியில் வந்த 3-ஆம் பதிப்பில் நேரலை வசதியும் சேர்ந்தது.

இதில் இரண்டு ஏற்பாடுகள் வணிகர்களுக்கு எளிதில் விளங்கும். ஒன்று, தளங்களுக்குள் கூட்டு. ஒரு மண்டியில் இல்லாத சரக்கை அடுத்த மண்டியின் பட்டியலைப் பார்த்துச் சொல்வது போல, ஒரு பீர்டியூப் தளம் மற்றொன்றைப் பின்தொடர்ந்து அதன் வீடியோக்களையும் தன் பார்வையாளருக்குக் காட்டும். ஒவ்வொரு மண்டிக்கும் முதலாளி தனி; பட்டியல் பொது.

மற்றொன்று, பட்டுவாடாவில் உதவி. ஒரே வீடியோவை ஒரே சமயத்தில் பலர் பார்த்தால், ஒருவருக்கு வந்து சேர்ந்த துண்டு அவரிடமிருந்தே அடுத்தவருக்குப் போகும். நம் கம்ப்யூட்டரின் சுமை குறையும். ஆனால் பார்ப்பவரின் இணைய இணைப்பும் இதில் செலவாகும். அவரது இணைய முகவரி மற்றப் பார்வையாளரின் கம்ப்யூட்டருக்குத் தெரியவரும். வேண்டாம் என்றால் இந்த ஏற்பாட்டை நிறுத்தி வைக்கலாம்.

6. கணக்குப் பார்ப்போம்

மூன்று நிமிட வீடியோ ஒன்று. சுமாரான தரத்தில் வினாடிக்கு 1 மெகாபிட் என்று வையுங்கள். 180 வினாடிக்கு 180 மெகாபிட். எட்டால் வகுத்தால் 22.5 எம்.பி. அதை 500 பேர் பார்த்தால் 11,250 எம்.பி., அதாவது சுமார் 11 ஜி.பி. பட்டுவாடா. சர்வர் வாடகைக்குக் கொடுப்பவரிடம் ‘மாதம் எத்தனை ஜி.பி. வரை இந்த வாடகை? அதற்கு மேல் போனால் என்ன விலை?’ என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இருப்புக் கணக்கு. போனில் நல்ல தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 120 எம்.பி. பிடிக்கும். மூன்று நிமிடத்துக்கு 360 எம்.பி. வாரம் ஒன்று வீதம் வருடத்துக்கு 52 வீடியோ; மொத்தம் சுமார் 19 ஜி.பி. பத்து வருடத்து வீடியோவும் 200 ஜி.பி.க்குள் அடங்கும். 1,000 ஜி.பி. கொள்ளும் ஒரு வட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பாது.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இருப்பு வைப்பது மலிவு. ஊருக்கெல்லாம் பட்டுவாடா செய்வதுதான் யோசித்து இறங்க வேண்டிய செலவு.

7. அப்படியானால் என்ன செய்யலாம்?

யூடியூபை விட்டு வந்துவிடுங்கள் என்று சொல்ல முடியாது. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. சொந்தத் தளம் வைத்தால் வாடிக்கை தானாக வராது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் கூட்டம் இருக்கிறதென்று அங்கே சரக்கை விரிக்கிறோம். அதற்காகச் சரக்கு முழுவதையும், பேரேட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதில்லை. அதே வழக்கத்தை இதிலும் கைக்கொண்டால் போதும்.

முதல் படி: மூல வீடியோவை அழிக்காதீர்கள். இரண்டு வட்டில் பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வையுங்கள். ஏற்கெனவே யூடியூபில் போட்டவற்றைக் கூகுளின் ‘டேக்அவுட்’ வசதி மூலம் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கடையின் பெயரில் ஒரு இணைய முகவரி பதிவு செய்யுங்கள். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் அமைத்துக் கொடுத்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் வேறு வேலைக்குப் போகும்போது கடைப் பெயரும் கூடப் போகும். பையிலும் பில்லிலும் இந்த முகவரிக்கான கட்டத்தையே அச்சடியுங்கள். இன்று அது யூடியூபுக்கு வழிகாட்டட்டும். நாளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வாடிக்கைக்காரர் சம்மதித்துக் கொடுக்கும் தொலைபேசி எண்களை உங்கள் பேரேட்டில் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: இதற்கு மேல் வேண்டுமானால் பீர்டியூப். தனிக் கடைக்கு இது சுமை. ஒரு ஊரின் சங்கம் சேர்ந்து ஒரு தளம் வைத்தால் வாடகையும் பராமரிப்பும் பங்கிட்டுக்கொள்ளப்படும். கணக்கு எழுதுவது எப்படி, எடைக்கல் முத்திரை எப்போது, ஜி.எஸ்.டி. படிவம் எப்படி என்று உறுப்பினர்களுக்குப் பாட வீடியோக்களையும் அதில் சேர்த்து வைக்கலாம்.

8. எச்சரிக்கைகள்

சொந்தத் தளம் என்றால் பொறுப்பும் சொந்தம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் காப்புரிமைச் சட்டம் அங்கும் பொருந்தும். பிறர் வீடியோ ஏற்ற அனுமதித்தால், 2021-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிடுவது போன்ற கடமைகள் வரும். ஆகவே, ஏற்றும் உரிமையைச் சங்கம் நியமித்த ஒருவரிடம் மட்டும் கொடுப்பது நல்லது. தொடங்குமுன் வக்கீலையும் கலந்துகொள்ளுங்கள்.

மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மாற்ற வேண்டும். மாற்றாத தளம் பூட்டு பழுதான குடோனுக்குச் சமம். இதற்குப் பொறுப்பான ஆள் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பயிற்சி

இந்த வாரம் கடை சாத்திய பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

அ) நம் கடையின் வீடியோக்கள் எத்தனை? அவற்றில் எத்தனைக்கு மூலம் நம் கையில் இருக்கிறது?
ஆ) கணக்கின் கடவுச்சொல் யாரிடம்? அது எந்தத் தொலைபேசி எண்ணோடு இணைந்திருக்கிறது?
இ) பையிலும் பலகையிலும் அச்சிட்ட முகவரி யாருடையது?
ஈ) நாளை அந்தத் தளம் திறக்கவில்லை என்றால், எத்தனை வாடிக்கைக்காரரை நாமே கூப்பிட்டுப் பேச முடியும்?

நான்காவது கேள்விக்கான பதில் சிறிய எண்ணாக இருந்தால், மூன்றாம் படியை நாளைக்கே தொடங்கிவிடுங்கள். அதற்குச் சர்வர் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.